எண்பத்து நாலு பூமாலை

14-11-88, திங்கள்

காலை ஏழரை பஸ்ஸில் ஜன்னல் சீட். கண்டக்டர் பெண்டாட்டி என்பதால் கிடைத்தது என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. இவருக்கு இந்த வாரம் பண்ருட்டி ரூட். விழுப்புரம் ஸ்டாண்டில் நானே முண்டியடித்து, நானே ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டுப் பிடித்த சீட்.

திண்டிவனத்தில் இறங்கிப் போனால் விருத்தாசலம் சார் இன்ஸ்டிட்யூட் வாசலிலேயே நிற்கிறார். எட்டு வருஷமாக அவரிடம் டைப்ரைட்டிங் டீச்சராக இருக்கிறேன், வாசலில் நின்று அவர் என்னை வரவேற்றது இதுதான் முதல் தடவை.

"பிப்ரவரி அஞ்சாந்தேதி டைப்ரைட்டிங் ஸ்பீடு போட்டி நம்ப ஊர்ல வைக்கிறோம்மா. ஜில்லா பூரா ஆளு வரும். பேரு லிஸ்ட்டு, சர்ட்டிபிகேட்டு எல்லாம் அந்த மிஷின்லயே அடிச்சி வரணும்."

அந்த மிஷின் என்றால் ஜூன் மாதம் வாங்கி, சந்தனம் குங்குமம் வைத்து, ஏ.சி. ரூமில் குடிவைத்திருக்கும் கம்ப்யூட்டர். அதைப் பார்க்கச் செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும். பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் ஆறு ஞாயிற்றுக்கிழமை வந்து 'சி' பாஷை சொல்லிக்கொடுத்தார். நாலு பேர் உட்கார்ந்தோம். மூன்று பேர் ஓடிவிட்டார்கள். மிச்சம் நான்.

"வந்துச்சின்னா கம்ப்யூட்டர் கிளாஸ் உன்னுது. வரலன்னா பாண்டிச்சேரிக்காரரையே கூப்டுக்கினு வந்து உக்கார வச்சிடுவேன். நீ பழையபடி டைப்ரைட்டிங்கே பாத்துக்க."

பார்க்கலாம் சார் என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு வந்தேன். இங்கே மட்டும் உண்மையை எழுதுகிறேன். எனக்கு அந்த கிளாஸ் வேண்டும். ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே என்று எட்டு வருஷம் சொல்லியாகிவிட்டது. கனவிலும் அதுதான் வருகிறது.

17-11-88, வியாழன்

இன்றைக்கு என்னை நானே தலையில் குட்டிக்கொண்டேன்.

பாண்டிச்சேரிக்காரர் பேசின வேகத்துக்கு ஷார்ட்ஹேண்டில்தான் நோட்ஸ் எடுத்திருந்தேன். அவர் 'இனிஷியலைஸ்' என்று சொன்ன இடத்தில் எல்லாம் அவசரத்தில் வாலை வெட்டி 'இனிஷியல்' என்று கோடு இழுத்திருக்கிறேன். ஐந்து மாதம் கழித்துப் படித்தால் என்ன வருகிறது? 'பாயிண்டருக்கு இனிஷியல் போடாமல் உபயோகிக்காதே. ஆபத்து.' இரண்டு அடிக்கோடு வேறு.

நியாயம்தானே என்று பட்டது. மனுஷனுக்கே இனிஷியல் இல்லாமல் ரேஷன் கார்டு கிடையாது. என் பாயிண்டரின் பெயர் p. அதைப் பெற்றது யார்? கிருஷ்ணவேணியாகிய நான். ஆகவே K.p என்று அடித்தேன். K என்று யாரையும் தெரியாது என்றது கம்ப்யூட்டர். S போட்டேன். என் அப்பா சுப்பராயலு, p-க்குத் தாத்தா முறை. அவரையும் தெரியாதாம். கடைசியில் D போட்டேன். வீட்டுக்காரர் தேவநாதனையும் தெரியாது என்றது. கோபம் வந்துவிட்டது எனக்கு. விழுப்புரம் டிப்போவில் இவரைத் தெரியாதவர் உண்டா?

மத்தியானம் மிஷினோடு வந்த தடிப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபிறகுதான் விளங்கியது. பாயிண்டருக்குள் பெயரும் இல்லை, ஒன்றும் இல்லை. பெயர் எங்கே இருக்கிறது என்ற விலாசம் மட்டும் இருக்கும். அந்த விலாசத்தை முதலில் நாம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதுதான் இனிஷியலைஸ். எழுதாமல் விட்டால் காலியாக இருக்காது, ஏற்கனவே அங்கே கிடந்த ஏதோ ஒரு குப்பை விலாசம் இருக்கும். அதை நம்பி எழுதினால் யார் வீட்டுச் சுவரில் எழுதுகிறோம் என்றே தெரியாது. இனிஷியலை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். மிஷின் அப்படியே நின்றுவிட்டது. சுவிட்சை அணைத்துத்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

இவரிடம் சொன்னால், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சிரிக்கிறார். "ஏன் வேணி, பர்த் சர்ட்டிபிகேட்டு எதுவும் கேக்கலியா அது?"

18-11-88

p-க்கு விலாசம் கொடுத்தேன். ஓடியது! ஒரே ஒரு பெயர். ஆனால் ஓடியது.

27-11-88, ஞாயிறு

லீவு நாளில் திண்டிவனம் போனேன். இவருக்கும் டியூட்டி, வீட்டில் இருந்து என்ன செய்ய.

வேலை இதுதான். போட்டி ஃபாரத்தில் பெயர் ஒரு கட்டத்தில், தந்தை பெயர் இன்னொரு கட்டத்தில். இரண்டையும் படித்து, தந்தையின் முதல் எழுத்து, ஒரு புள்ளி, பெயர் என்று ஒட்டித் தர வேண்டும். அதற்கென்று ஒரு தனிப் பங்க்ஷன், அதாவது புரோகிராமுக்குள் ஒரு குட்டி புரோகிராம், எழுதினேன். அதற்கு 'இனிஷியல்' என்றே பெயர் வைத்தேன். பழிக்குப் பழி.

பங்க்ஷனுக்கு உள்ளே பெயர் சரியாக ஒட்டுகிறது. வெளியே வந்து அச்சடித்தால் பாதிப் பெயரும், மீதிக்குச் சிரிக்கிற மூஞ்சியும், சீட்டுக்கட்டு ஆட்டினும், டைமனும்! பூமாலை எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், பேருங்க எல்லாம் சிரிக்குது" என்றாள்.

பூமாலை கோர்ட் வாசலில் மனு டைப் அடிக்கிறவள். மடத்து சிஸ்டர்கள் வளர்த்த பெண், வயது இருபத்து நாலு. ஞாயிறுதோறும் போட்டிக்குப் பழக வருகிறாள். அவள் விரல் ஓடும்போது மெஷின் பெஞ்சியே நடக்கும். என்னைவிட வேகம். (இதையும் யாரிடமும் சொல்லவில்லை.)

சிரிக்கிற மூஞ்சி எங்கிருந்து வருகிறது? உள்ளே சரி, வெளியே தப்பு. வாசற்படியில் என்ன நடக்கிறது?

2-12-88

குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன். கண்டக்டர் பெண்டாட்டி பஸ்ஸில் குடையைத் தொலைத்தாள் என்று வெளியே தெரிந்தால் மானம் போகும். இவரிடம் சொல்லவில்லை.

5-12-88, திங்கள்

மழை. மழை. ஆனாலும் நல்ல நாள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது இவர் அன்றைய சண்டையைச் சொன்னார். இந்த வாரம் திண்டிவனம் ரூட். "ஒரு ஆளு வேணி, விழுப்புரத்துலேர்ந்து பதினாறாம் நம்பர் சீட்ல வந்தான். திண்டிவனத்துல எறங்கி டீ குடிச்சிட்டு, அதே பஸ்ஸு திரும்புதேன்னு ஏர்றான். அந்த சீட்ல ஒரு அம்மா புள்ளய வச்சிக்கினு குந்தினுகீது. எழுந்திரு, பதினாறு என்னுதுன்றான். யோவ், டிரிப்பு முடிஞ்சா சீட்டு உன்னுது இல்லய்யா, நம்பர மட்டும் ஞாபகம் வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

அதேதான். அதேதான்! பங்க்ஷனுக்குள்ளே நான் வைத்த இடம் லோக்கல் வேரியபிள். அந்தப் பங்க்ஷன் ஓடுகிற வரைக்கும்தான் அது நமக்கு. ஓடி முடிந்ததும் அடுத்த ஆள் ஏறிவிடுகிறான். நானோ பெயரை வெளியே கொண்டுவரவில்லை, அதன் சீட் நம்பரை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். திரும்பிப் போய்ப் பார்த்தால் அங்கே வேறு யாரோ குந்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

நோட்ஸைப் புரட்டினால் அவர் சொல்லித்தான் இருக்கிறார். 'லோக்கல் வேரியபிளின் விலாசத்தைத் திருப்பி அனுப்பாதே.' படித்தும் இருக்கிறேன். லோக்கல் என்றால் நம் ஊர்ச் சரக்கு, மட்டமானது, பாண்டிச்சேரியில் நல்லதாகக் கிடைக்கும் போல என்று நினைத்து விட்டிருக்கிறேன்!

இவருக்கு ஒன்றும் புரியவில்லை. "அந்தாளு எறங்கிப் போயிட்டான் வேணி, நீ ஏன் குதிக்கிற" என்றார். இன்னொரு அப்பளம் பொரித்துப் போட்டேன்.

9-12-88, வெள்ளி

புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. அந்த இடத்துக்கு முன்னால் 'ஸ்டாட்டிக்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் டிரிப் முடிந்தாலும் காலி ஆகாது. சேர்த்தேன். ஃபாரத்தைப் படி, ஒட்டு, அச்சடி. அதுவரை ஃபாரம் கொடுத்திருந்த எண்பத்து நாலு பேரும் அழகாக வரிசையாக வந்தார்கள். ஒரு மூஞ்சிகூடச் சிரிக்கவில்லை, என் மூஞ்சியைத் தவிர.

கோலியனூர் அண்ணன் கொடுத்தனுப்பிய மல்லாட்டைக் கடலையை அவித்து எடுத்துப் போனேன். இன்ஸ்டிட்யூட் முழுக்கத் தோல். விருத்தாசலம் சார், "வேல முடிஞ்சிதாம்மா?" என்றார். முடிந்தது சார் என்றேன். என் வாய் இருக்கிறதே.

20-12-88, செவ்வாய்

சார் இன்றைக்குச் சொல்கிறார்: "லிஸ்ட்டு ஏ பி சி டி வரிசையில வேணும்மா. வந்த வரிசையில வச்சா சண்டைக்கு வருவானுங்க."

அதற்கு என்ன, வந்த ஒவ்வொரு பெயரின் விலாசத்தையும் வரிசையாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பிறகு அடுக்கி அச்சடித்தால் ஆயிற்று. மத்தியானமே எழுதிவிட்டேன். பிரிண்டர் கீச்சுக்கீச்சென்று இழுக்க ஆரம்பித்தது.

V. POOMALAI
V. POOMALAI
V. POOMALAI

முதல் பக்கம் முழுக்க. இரண்டாம் பக்கமும். எண்பத்து நாலு பேரும் பூமாலை. சுவாமி புறப்பாட்டுக்கே இத்தனை விழாது!

டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். பூமாலை தாளை நீளமாகப் பிடித்துப் பார்த்து, "டீச்சர், பர்ஸ்ட்டு பிரைஸ்லேர்ந்து எண்பத்து நாலாவது பிரைஸ் வரிக்கும் நானே தூக்கிக்கினு போவலாம்" என்றாள். நானும் சிரித்தேன். பஸ் ஏறின பிறகு அழுகையாக வந்தது. முடிஞ்சதுன்னு சொல்லிட்டேனே. இன்னா பேஜாருடா இது. எதுக்கு இந்த வாய்க்கு அவ்ளோ அவசரம்? பாண்டிச்சேரிக்காரர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இருப்பது மாதிரியே தெரிகிறது.

21-12-88

இவர் குடையைக் கொண்டுவந்து கொடுத்தார். டிப்போவில் இருந்ததாம். பதினைந்து நாளாக இவருக்குத் தெரியுமாம்! நான் எப்போது சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாராம்.

3-1-89, செவ்வாய்

பிடித்துவிட்டேன்.

ஸ்டாட்டிக் இடம் காலி ஆகாது, உண்மை. ஆனால் அது ஒரே ஒரு இடம். பஸ்ஸில் கண்டக்டர் சீட் மாதிரி. எண்பத்து நாலு பேரையும் ஒருத்தர் பின் ஒருத்தராக அதில் உட்கார வைத்துவிட்டு, எல்லாரிடமும் அதே சீட் நம்பரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொருத்தராக ஏறும்போது அச்சடித்தேன், அதனால் அன்றைக்குத் தப்பித்தேன். எல்லாரும் ஏறி முடிந்தபின் போய்ப் பார்த்தால் கடைசியாக உட்கார்ந்தவள் இருக்கிறாள். கடைசி ஃபாரம் பூமாலையுடையது.

வழி: ஒவ்வொரு பெயருக்கும் மிஷினிடம் தனித்தனியாக இடம் கேட்டு வாங்க வேண்டும். வாங்கினால் நாமாகத் திருப்பிக் கொடுக்கும்வரை அது அவர்களுடையது. பெயர் முடிந்தது என்று காட்டும் கடைசிக் குறிக்கும் சேர்த்து ஒரு எழுத்துக்கான இடம் கூடுதலாகக் கேட்க வேண்டும். இதை மறந்து ஒரு நாள் பாழ்.

சாயங்காலம் ஐந்தே காலுக்கு எண்பத்து நாலு பேரும் ஏ பி சி டி வரிசையில், அவரவர் பெயரில் வந்தார்கள். யாரிடமும் முடிந்தது என்று சொல்லவில்லை. புத்தி வந்துவிட்டது.

14-1-89

பொங்கல். இன்றைக்கு முழுக்கக் கம்ப்யூட்டரை நினைக்கவே இல்லை. (பொய்.)

24-1-89, செவ்வாய்

எலெக்ஷன் சத்தம் ஓய்ந்தது, ஊரே காது கேட்கிற ஊராகிவிட்டது. கடைசி நாளில் இன்னும் இரண்டு ஃபாரம் வந்து எண்பத்தாறு. ஃபாரங்களை எல்லாம் புதிதாக அடுக்கி, முதலிலிருந்து அடித்து, லிஸ்ட்டைச் சுவரில் ஒட்டினேன்.

பூமாலை விரலை வைத்துத் தேடி, தன் பெயருக்கு வந்ததும் நின்றாள். பிறகு திரும்பி, "டீச்சர், போன மாசம் V. இப்ப M. தெனம் ஒரு அப்பாவா?" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஃபாரத்தை எடுத்துப் பார்த்தேன். தந்தை பெயர் கட்டம் காலி. காலியாக இருந்தால் என் புரோகிராம் என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதவே இல்லை. புதிய விலாசம் வராததால் பாயிண்டர் பழைய இடத்தையே காட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அவளுக்கு முந்தின ஃபாரம் யாருடையதோ அவருடைய அப்பாவை அவளுக்கும் கொடுத்திருக்கிறது. அன்றைக்கு முந்தின ஃபாரம் வீரம்மாளின் மகனுடையது, அவனுடைய அப்பா வேலு. இன்றைக்கு அடுக்கு மாறியதில் முந்தின ஃபாரம் முருகையனின் மகளுடையது. அப்பாவும் மாறிவிட்டார்.

டிசம்பரில் எண்பத்து நாலு தடவை V என்று அச்சானதே, ஒரு தடவையாவது பார்த்தேனா? சிரிக்கிற மூஞ்சி வந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பேன். இது ஒழுங்கான பெயர் மாதிரி வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. வெட்கமாக இருக்கிறது.

அவள் சொன்னாள்: "உடுங்க டீச்சர். ஸ்கூல்ல ஒரு சார் R போட்டாரு, டென்த்ல வேற யாரோ A போட்டாங்க. நம்ப மிஷின் மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சி."

25-1-89

ஒவ்வொரு ஃபாரத்தையும் படிக்கும் முன்னால் பாயிண்டரை 'நல்' (NULL) என்று வைத்துவிட வேண்டும். 'எங்கேயும் காட்டவில்லை' என்று அர்த்தம். இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்வதும் இனிஷியலைஸ்தான். 'நல்' என்று இருந்தால் பெயரை மட்டும் அச்சடி. எழுதினேன். வந்தது: POOMALAI. வெறும் பூமாலை. சுத்தமாக இருந்தது.

1-2-89, புதன்

சண்டை.

விருத்தாசலம் சார் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு, "இனிஷியல் இல்லாம இன்னா சர்ட்டிபிகேட்டு? வெளியூர் ஆளுங்க கேப்பாங்க. ஏதாவது ஒரு எழுத்து போடும்மா, யாரு பாக்கப் போறா" என்றார்.

"ஏதாவது ஒரு எழுத்த அந்த மிஷினே போட்டுச்சி சார். அது தப்புன்னுதான் நான் திருத்தினேன்."

"நாலு நாள் இருக்கு. பேஜாரு பண்ணாத. இதுக்குப் பாண்டிச்சேரிக்காரரே தேவல."

அந்த கிளாஸ் வேண்டும் என்று முதல் நாளே இங்கே எழுதியவள் நான். இரண்டரை மாத உழைப்பு. ஒரு எழுத்தை அடித்தால் எல்லாம் முடிந்துவிடும். ஆனாலும், "அப்ப அவரையே கூப்டுக்குங்க சார்" என்று வாய் சொல்லிவிட்டது. அவசர வாய்தான். ஆனால் இந்த ஒரு தடவை அதன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

ஏ.சி. ரூம் கதவருகில் பூமாலை நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

"தள்ளுங்க டீச்சர்."

என் நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஃபாரத்தில் காலியாக இருந்த கட்டத்தில் அவளே அடித்தாள். பத்து எழுத்து, கண் மூடித் திறப்பதற்குள். TINDIVANAM.

"ஊரு பேர முன்னால போட்டுக்கிறவங்க எத்தினி பேரு இல்ல சார்? நா இங்கதான் வளந்தேன். லோக்கல் ஆளு."

மறுபடியும் ஓட்டினேன். புரோகிராமில் ஒரு எழுத்துகூட நான் மாற்ற வேண்டியிருக்கவில்லை. T. POOMALAI. நியாயமான விலாசம், நியாயமான எழுத்து. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்து, "T நல்லாத்தான் கீது" என்றார். எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. செய்யவில்லை.

5-2-89, ஞாயிறு

எண்பத்தாறு சர்ட்டிபிகேட். பிரிண்டர் நடுவில் இரண்டு முறை தாளைத் தின்றது, மற்றபடி ஒரு தப்பும் இல்லை. இவர் லீவு போட்டுவிட்டு வந்து, வாசலில் நின்று வருகிறவர்களை 'உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத' என்று ஏற்றிக்கொண்டிருந்தார். பழக்கம்.

பூமாலைக்கு இரண்டாம் பரிசு. மைக்கில் "டி. பூமாலை, திண்டிவனம்" என்றார்கள். இரண்டு தடவை ஊர்ப் பெயர் வந்தது என்று அவளுக்கும் எனக்கும் சாருக்கும் மட்டும்தான் தெரியும். மேடையிலிருந்து என்னைத் தேடிப் பார்த்தாள். கை வலிக்கத் தட்டினேன். இறங்கி வந்ததும் அவள் முதலில் சொன்னது, "ஒரே ஒரு கமா டீச்சர், அத உட்டுட்டேன், இல்லன்னா பர்ஸ்ட்டு."

விருத்தாசலம் சார் கிளாஸைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. கிளம்பும்போது ஏ.சி. ரூம் சாவியை என் கையில் கொடுத்து, "பூட்டிக்கினு போ" என்றார். சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

3-4-89, திங்கள்

அட்டெண்டன்ஸ் புத்தகத்தில் இப்போது இரண்டு பெயர். கம்ப்யூட்டர்: D. கிருஷ்ணவேணி. டைப்ரைட்டிங்: T. பூமாலை. கோர்ட் வாசல் வேலையை விட்டுவிட்டு வந்து என் பழைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மரத்தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் குரல்: ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே. எனக்கு அலுத்துப்போன பாட்டு, அவள் பாடினால் நன்றாகத்தான் இருக்கிறது.

முதல் பேட்ச், பதினோரு பேர். போர்டில் p என்று எழுதி, இதை இனிஷியலைஸ் பண்ண வேண்டும் என்றேன். பின் வரிசையில் அப்பாதுரை என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும், அரிசி மில் கிளார்க். எழுந்து நின்று, "அப்பா பேரு எழுத்துங்களா டீச்சர்?" என்றார்.

கிளாஸே சிரித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஏ எஸ் டி எஃப் நின்றது. பூமாலை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"அப்பா பேரா இருக்கட்டும், ஊரு பேரா இருக்கட்டுங்க. அது எங்க நிக்குதுன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கணும். அவ்ளோதான்."

தடுப்பில் இரண்டு தட்டு தட்டினாள். பிறகு ஏ எஸ் டி எஃப் மறுபடி தொடங்கியது.

அப்பாதுரை நான் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டார். வார்த்தையின் வாலை வெட்டாமல் முழுசாக எழுதச் சொன்னேன்.